போல்டியின் சட்டை

சனிக்கிழமை காலையில் பந்தாட்டம் பார்ப்பது இந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் காலைத் தேநீர் நேரம் என்றால் ஆஸ்திரியாவில் மத்தியானம் தாண்டியிருக்கும். பேரன் லேப்டாப்பை டிவியோடு இணைத்துவிட்டுக் கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொள்வான். நான் சோபாவில். மகன் மாடியில் யாரோடோ பேசிக்கொண்டிருப்பான்; அவனுக்குச் சனிக்கிழமையும் மீட்டிங் உண்டு. மருமகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருப்பாள். ஆக, அந்த நேரம் பேரனுக்கும் எனக்கும் மட்டுமானது. அதுவும் முழுதாக இல்லை. நடுவில் அவனுடைய கோச் இருப்பார்.

நேரில் இருக்க மாட்டார். பேச்சில் இருப்பார். கோச் இப்படிச் சொன்னார், கோச் அப்படி உதைக்கச் சொன்னார், கோச் சின்ன வயதில் ஆடிய கிளப் இதுதான். அவர் ஆஸ்திரியாக்காரர். அங்கே வியன்னா நகரத்தில் இரண்டாம் வரிசையில் ஆடுகிற ஒரு சிறிய கிளப்பின் ஆள். இங்கே வந்து இந்தப் பிள்ளைகளையெல்லாம் அந்தக் கிளப்பின் ரசிகர்களாக்கிவிட்டார். பார்க்கில் ஆட்டம் நடக்கும்போது நானும் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். பேரன் கோல் அடித்தால் நேராக அந்த மனிதரிடம் ஓடுவான், கையில் கை தட்டுவான். நான் குளிரில் கையை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். என் பக்கம் வரும்போது அவனுக்கு மூச்சு வாங்கும், தண்ணீர் பாட்டிலைத்தான் கேட்பான். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் ஒரு பொறாமையா என்று கேட்டால், ஆமாம். பழைய வியாதி. சின்ன வயதில் வந்தது, இன்னும் போகவில்லை. அதுவும் அதே கிளப்பினால் வந்தது.

போன வாரம் பேரன் தலையைத் திருப்பிக் கேட்டான்.

"அப்பா, பால் அந்த சைட்ல இருக்கு. வாட் ஆர் யூ லுக்கிங் அட்?"

எங்கள் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெற்றவர் வாப்பா, தாத்தாதான் அப்பா. இவன் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி 'என் அப்பா' என்று சொல்லப்போக, கூடப் படிக்கிற சென்னைக்காரப் பையன் ஒருவன், உங்க அப்பா ஏன் இவ்வளவு கிழவரா இருக்காரு என்று கேட்டானாம்.

"கூட்டத்தைப் பாக்குறேன்" என்றேன்.

"ஒய்? எல்லாரும் ஜஸ்ட் ஓல்டு பீப்பிள்."

அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன மைதானம். ஒரு பக்கம்தான் கூரை. அதன் கீழே வெள்ளைக்காரக் கிழவர்கள் கழுத்தில் துண்டு மாதிரி கம்பளிப் பட்டியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேமரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வரிசையாக முகம் பார்ப்பேன். என் வயதில், கொஞ்சம் மாநிறமாக, சுருட்டை முடியோடு ஒருவன் இருக்கிறானா என்று. முடி இருந்தால்.

ஆனால் பேரனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் வேறு கவலையில் இருந்தான். அந்தக் கிளப்பை ஏதோ கம்பெனி வாங்கப் பார்க்கிறதாம். கம்பெனி பேரை கிளப்பின் பேருக்கு முன்னால் போட வேண்டுமாம், சட்டையின் நிறத்தை மாற்ற வேண்டுமாம், நெஞ்சில் இருக்கிற அடையாளத்தையும் எடுத்துவிட வேண்டுமாம். கோச் கொதித்துப் போயிருக்கிறாராம்.

"செங்கல்லை எடுக்க விட மாட்டாங்க. உறுப்பினரெல்லாம் கை தூக்கணும்ல" என்றேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். அந்த அடையாளத்தைப் பார்க்கிறவர்கள் பெட்டி என்பார்கள், புத்தகம் என்பார்கள். அவனுக்கே கோச் சொல்லித்தான் செங்கல் என்று தெரியுமாம்.

"ஹவ் டூ யூ நோ இட்ஸ் எ பிரிக்?"

"எனக்கு உங்க கோச் பொறக்குறதுக்கு முந்தியே தெரியும்" என்றேன். மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

எனக்கு அதைச் சொன்னவர் என் மாமா, என் உம்மாவின் தம்பி. பெரிய போர் முடிந்த கையோடு, நான் பிறப்பதற்கு முன்பே, கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். போகும்போது நிக்காஹ் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாமியை விட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. ஆண்கள் கப்பலிலும் கொழும்பிலும், பெண்கள் ஊரிலும் என்றுதான் பாதிக் குடும்பங்கள் இருந்தன. ஆனால் மற்றவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டுவார்கள். மாமா வரவே இல்லை. பணம் வந்தது. ஆள் வரவில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறக்கி விட்டார்களாம், அங்கிருந்து ரயிலில் வைத்து வியன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம், குணமான பிறகு அங்கேயே வேலை கிடைத்துவிட்டதாம். கடலே இல்லாத நாட்டுக்குக் கப்பல்காரர் போய்ச் சேர்ந்த கதையை ஊரில் யாரும் முழுதாக நம்பவில்லை. என் வாப்பா மட்டும், "உங்க தம்பி கரையில கப்பல் ஓட்டுறாரு போல" என்று உம்மாவைச் சீண்டுவார்.

என் உம்மாவின் வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகுதான் மாமா வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். வந்தவர் வாசலில் நின்று என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து என் தோளை இரண்டு கையாலும் பிடித்தார். அளவு எடுப்பது மாதிரி. அந்தப் பிடியிலேயே நான் அவருடைய ஆள் ஆகிவிட்டேன். எத்தனையோ பிள்ளைகள் நிற்க, என்னைத்தானே பிடித்தார் என்று எனக்குப் பெருமை.

அவர் செய்த வேலை என்ன என்று கேட்டு ஊரே சிரித்தது. ஒரு பந்தாட்டக் கிளப்பில் சட்டை துவைக்கிற வேலை. அந்தக் கிளப்புக்குத் துணி வெளுத்துக் கொடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் வீட்டில்தான் மாமா தங்கியிருந்தார். அவளுக்கு உதவியாகத் தொடங்கிய வேலை. ஆனால் கிளப்பைப் பற்றி அவர் சொல்லும்போது சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

வியன்னாவுக்கு வெளியே களிமண் குழிகளாம். மண் வெட்டி, செங்கல் அறுத்து, சூளை வைக்கிற கூலிகள் பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்குத் தூர்ந்துபோன குழி ஒன்றைச் சமப்படுத்திப் பந்து ஆடத் தொடங்கினார்கள். அதுதான் கிளப். சட்டைக்குச் செங்கல் நிறம், வெள்ளைக் காலர், நெஞ்சில் ஒரு செங்கல். போர் வந்தபோது ஆடுகளத்தின் பாதியில் குண்டு விழுந்தது. போர் முடிந்து பசி வந்தபோது குண்டு விழாத பாதியில் உருளைக்கிழங்கு போட்டார்கள். கிழங்கைத் தோண்டிய பிறகு அதே மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கி மறுபடியும் ஆடினார்கள். மாமா அதைச் சொல்லும்போது பந்தைப் பற்றிச் சொல்கிறாரா கிழங்கைப் பற்றிச் சொல்கிறாரா என்று தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி கையில் ஏந்திக் காட்டுவார்.

கறிக்கடைக்காரர் ஒருவர் கேட்டார். "சரி, கிளப்புக்கு முதலாளி யாரு?"

"முதலாளியே கிடையாது. சந்தா கட்டுறவன் அத்தனை பேரும் முதலாளி. வருஷத்துல ஒரு கூட்டம். கை தூக்கி ஓட்டு. ஆடுறவனுக்கும் ஒரு கை, சட்டை துவைக்கிறவனுக்கும் ஒரு கை."

"உமக்கும் ஒரு கையா?"

"எனக்கும் ஒரு கை" என்று மாமா வலது கையைத் தூக்கிக் காட்டினார். இடது கையால் சாயா டம்ளரைப் பிடித்திருந்தார். எங்கள் உம்மா வீட்டில் அவருக்கு மட்டும் எல்லாமே இடது பக்கம். அதற்காகச் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறார்.

கூட்டம் ஒரு டீக்கடையின் பின்கட்டில் நடக்கும் என்று மாமா எங்களிடம் சொல்லியிருந்தார். போன வாரம்தான் பேரன் சொல்லித் தெரிந்தது, அது பீர் விற்கிற கடையாம். ஊர்ப் பெரியவர்களுக்காக மாமா அதை டீக்கடையாக்கிவிட்டார். இத்தனை வருடமும் வியன்னாவில் ஒரு டீக்கடை இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதிரியே எங்கள் கடற்கரையில் ஒரு கிளப் தொடங்கினார். அதுவரை நாங்கள் சும்மா மணலில் ஓடிக்கொண்டிருந்த பயல்கள்தான். மாமா பொருளாளர் வைத்தார், செயலாளர் வைத்தார், பெரியவர்களுக்கு ஒரு பிரிவு, சின்னப் பையன்களுக்கு ஒரு பிரிவு என்று பிரித்தார். டீக்கடைப் பின்கட்டில் கூட்டம் போட்டார். தலைவராக அந்தக் கறிக்கடைக்காரரைத்தான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அவர் வாழ்க்கையில் பந்தைத் தொட்டதில்லை. ஏன் அவர் என்றால், வியன்னாவிலும் தலைவர் கறிக்கடைக்காரராம். கிளப் என்றால் அப்படித்தான் நடக்குமாம். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். தலைவர் பாவம், ஆட்டம் நடக்கும்போதெல்லாம் கடையை மூடிவிட்டு வந்து மணலில் உட்கார்ந்து, பந்து எந்தப் பக்கம் போனாலும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்பார்.

எங்கே விட்டேன்? சட்டை.

மாமாவின் பெட்டியில் ஒரு சட்டை இருந்தது. அந்தக் கிளப்பின் சட்டை. செங்கல் நிறம், வெள்ளைக் காலர். அதில் என்ன விசேஷம் என்றால், அது சின்னச் சட்டை. பிள்ளைகள் போடுகிற அளவு. மாமா மாதம் ஒரு தடவை அதை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் புளித்த காடி ஊற்றி, சாயம் இறங்காமல் அலசுவார். பிழிய மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்குவார். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுவார். வெயிலில் போட்டால் செங்கல் வெளுத்துவிடுமாம். மாமி வீட்டு முற்றத்தில் அது காயும்போது நான் கொடிக்கு அடியிலேயே நிற்பேன். வேறு யாருக்கு அது பொருந்தும்? மாமி வீட்டில் பிள்ளை கிடையாது. எனக்காகத்தான் வாங்கி வந்திருக்கிறார், நல்ல நாள் பார்த்துத் தருவார் என்று காத்திருந்தேன்.

தரவில்லை. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"அது போல்டி சட்டைடா" என்றார்.

அதுதான் நான் அந்தப் பேரை முதன்முதலில் கேட்டது. போல்டி. துணி வெளுக்கிற அந்தப் பெண்மணியின் மகன். கிளப்பின் சின்னப் பையன்கள் பிரிவில் ஆடுகிறவன். என் வயதுதானாம். அதன் பிறகு அவனை என்னால் ஒழிக்கவே முடியவில்லை. நான் பந்தை உதைத்தால், "போல்டி இதைக் குனியாம அடிப்பான்" என்பார். நான் கீழே விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதால், "போல்டி பனியில விழுவான், அழ மாட்டான்" என்பார். எங்களை யாரையும் மாமா பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் வாப்பா, ராசா, டேய்தான். பேர் இருந்தது அவன் ஒருத்தனுக்கு மட்டும்.

பார்த்தே இராத ஒருவன் மேல் அப்படி ஒரு வயிற்றெரிச்சல் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் என்றால் கல்லை விட்டெறியலாம். இவன் ஏழு கடல் தாண்டி இருக்கிறான். பயல்களோடு சேர்ந்து அவனுக்குப் போண்டி என்று பேர் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆறியது. அவன் இடது காலால்தான் அடிப்பானாம். நானும் வலது காலைக் கயிற்றால் தளர்வாகக் கட்டிக்கொண்டு இடது காலால் உதைத்துப் பழகினேன். மூக்கு உடைந்ததுதான் மிச்சம்.

எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே ஆள் மாமி. போல்டி பேச்சு எடுத்தாலே மாமிக்கும் பிடிக்காது என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மாமா சொல்லிக்கொண்டே இருப்பார், மாமி இங்கே பாத்திரத்தை உரசி வைப்பாள். ஒரு தடவை மாமா டீக்கடைக்குப் போன பிறகு என்னிடம் கேட்டாள்.

"அந்தப் பய முடி எப்படியாம்?"

"சுருட்டையாம். கறுப்பாம்."

"வெள்ளைக்காரப் பயலுக்குக் கறுப்பு முடியா?"

"நம்ம மிளகாய்த் தொவையலைக்கூடத் திம்பானாம் மாமி. பெருமை."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், பொறுக்கிய கல்லைத் திரும்ப அரிசியிலேயே போட்டாள்.

"எந்தக் காலு அவனுக்கு?" என்றாள்.

"இடது காலு."

மாமி முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மாமிக்கும் அவன் எதிரிதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. என் இடது காலுக்காகத்தான் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து பிற்பகலில் கடற்கரையில் பக்கத்து ஊர்ப் பையன்களோடு ஆட்டம் என்று கிளப்பில் கை தூக்கி முடிவு செய்திருந்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் அந்த ஆட்டத்தில் இறங்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. பெருநாள் சட்டைகூட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அழுதால் கிடைக்காது, கெஞ்சினால் கிடைக்காது. நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மாமா சொன்ன கிளப் சட்டத்தில் ஒன்று உண்டு. சின்னப் பையன்கள் பிரிவில் சட்டை ஆளுக்குச் சொந்தமில்லை, கிளப்புக்குத்தான் சொந்தம். ஆட்ட வருடம் முடிந்ததும் துவைத்துக் கொடுத்துவிட வேண்டும். வளர்ந்த பையனின் சட்டை அடுத்த பையனுக்குப் போகும். அவனுக்குச் சிறிதானால் அதற்கு அடுத்தவனுக்கு. இதை மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், எங்கள் கிளப்பிலும் பந்துக்கு அப்படித்தான் என்று வைத்திருந்தார்.

பெருநாளுக்கு முந்தின நாள், மாமா சட்டையை அமுக்கிக்கொண்டிருந்தபோது போய் எதிரே நின்றேன்.

"மாமா, போல்டிக்கு இப்ப பத்து வயசு ஆயிருக்கும்ல?"

கை நின்றது. "ஆயிருக்கும்" என்றார்.

"அப்ப இந்தச் சட்டை அவனுக்குப் பத்தாது."

"பத்தாது."

"அடுத்த பையனுக்குக் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? நான்தான் அடுத்த பையன்."

மாமா என்னையே பார்த்தார். தண்ணீர் சட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. நான் பேசியதில் தப்பு எங்கே என்று தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். சட்டப்படி தப்பே கிடையாது. கிளப்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சட்டை மாமாவின் பெட்டிக்குள் ஏன் வந்தது என்று கேட்டிருக்கலாம்தான். எனக்குச் சட்டை வேண்டும், அந்தக் கேள்வி எனக்கு எதற்கு?

"பத்தாதுதான்" என்று மறுபடி சொன்னார், எனக்கில்லாமல் வாளிக்குச் சொல்வது மாதிரி. "இந்நேரம் வேற சட்டை குடுத்திருப்பாங்க."

மறுநாள் அவரே என் தலைவழியாகப் போட்டுவிட்டார். கையை இழுத்துவிட்டார், காலரைச் சரி செய்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பக்கத்தில் வந்து மறுபடியும் காலரைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. காடி வாசனை. உள்ளே கழுத்துப் பட்டையில் ஏதோ நூலால் தைத்திருந்தது, ஓடும்போதெல்லாம் பிடரியில் உரசியது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. உரசட்டும், போல்டி இனி இதைப் போட முடியாது.

கடற்கரையில் நல்ல கூட்டம். பெருநாள் துணியோடு ஆட்கள். தலைவர் புதுக் கைலியில் மணல் படாமல் இருக்கத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்ப் பயல்கள் என் சட்டையைப் பார்த்து, "என்னடா, செங்கச் சூளையிலேர்ந்து வர்றியா?" என்று கேலி பண்ணினார்கள். எனக்கு அது பட்டம் கட்டிய மாதிரி இருந்தது.

ஆட்டத்தின் நடுவில் பந்து என் காலுக்கு வந்தது. எதிரே ஒருவன்தான். அவனை ஏமாற்றிவிட்டேன். இதை நான் வயதான காலத்தில் ஜோடித்துச் சொல்லவில்லை, உண்மையாகவே ஏமாற்றினேன். கோல்காரன் முன்னால் வருகிறான். பந்து இடது பக்கம் உருளுகிறது. நான் இடது காலைத் தூக்குகிறேன்.

"போல்டி!"

மாமா கத்தினார். அந்த மாதிரி குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. ஓரத்தில் நின்றவர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டோடு ஓடி வருகிறார். "போல்டி! போல்டி!" வேறு ஏதோ பாஷையிலும் இரண்டு வார்த்தை. முகமெல்லாம் சிரிப்பு. என்னைத்தான் பார்க்கிறார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

நான் நின்றுவிட்டேன். பந்து அதன்பாட்டுக்கு உருண்டு கடல் தண்ணீரில் போய் நின்றது. "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார் தலைவர்.

கழற்றினேன். ஈரச் சட்டை, தலையில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி மணலில் போட்டேன். என் கூட்டாளிகள் "டேய், டேய்" என்று கத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வெற்று உடம்போடு பெருநாள் கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்கு நடந்தேன். ஒரு தடவை மட்டும் தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். மாமா மணலில் உட்கார்ந்து அந்தச் சட்டையை மடிமேல் போட்டு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் அவரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டையை நான் பார்த்தது அதுதான் கடைசி. மாமாவும் அதன் பிறகு போல்டி பேச்சை எடுக்கவில்லை. வியன்னாவுக்கும் திரும்பிப் போகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் பாதியைத்தான் பேரனிடம் சொன்னேன். "தட்ஸ் சோ சேட், அப்பா. யூ ஹேட் அன் ஓப்பன் கோல்" என்றான். அவனுக்கு வருத்தம் அந்தக் கோலுக்கு. கோச்சிடம் சொல்லலாமா என்று கேட்டான். சொல்லாதே என்றேன். மாடியிலிருந்து மகன், "வாப்பா, வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, நான் கால்ல இருக்கேன்" என்றான். கம்மி பண்ணினோம். கேமரா மறுபடியும் கூரைக்குக் கீழே போனது. கிழவர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து கை தூக்கினார்கள். என்னவென்று நான் பார்ப்பதற்குள் கேமரா பந்துக்குத் திரும்பிவிட்டது. ஒருவன் இடது கையைத் தூக்கின மாதிரி இருந்தது. என் கண்ணும் இப்போது அவ்வளவு சரியில்லை.

பேரனிடம் சொல்லாத மீதி இதுதான்.

அன்று நான் வீட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உம்மா கத்திப் பார்த்துவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டாள். பெருநாளுக்கு மாமி எங்கள் வீட்டுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த வட்டலப்பம் கொண்டுவருவாள். அந்தத் தட்டோடு நேராகக் கிணற்றடிக்கு வந்துவிட்டாள். தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டியாமே?"

"அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க மாமி. ஓடுனது நான். கோல் அடிக்கப் போனது நான். கூப்பிடுறது அவனையா?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். என்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"உன்னை இன்னிக்கு ஒரு தடவைதானடா அப்படிக் கூப்பிட்டாரு" என்றாள்.

எனக்கு அழுகை நின்றது. "உங்களையுமா? போல்டின்னா?"

"இல்ல. அது வேற பேரு. தூக்கத்துல கூப்பிடுவாரு."

வேறு பேர் என்றால் கிளப்பில் இன்னொருவன் இருக்கிறான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப உங்களுக்கும் சட்டை குடுத்தாங்களா மாமி?"

மாமி என்னையே பார்த்தாள். பிறகு வட்டலப்பத்தில் ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள்.

"குடுத்தாருடா வாப்பா. நீ கழட்டிப் போட்டுட்டு வந்துட்டே. எனக்குக் கழட்டத் தெரியல."

நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலைதான் உடுத்தியிருந்தாள். செங்கல் நிறம் எங்கேயும் தெரியவில்லை. உள்ளே போட்டிருக்கிறாளாக்கும், பாவம் இந்த வெயிலில் புழுங்குமே என்று நினைத்துக்கொண்டு, அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தேன்.